மே முதல் வாரம், மலை மேல் வீடு, கீழிருந்து பதினொரு பேர்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? மாற்றலில் வந்தீர்களோ, வேலை கிடைத்து வந்தீர்களோ, முதல் மே மாதம் நெருங்கும்போது இதை ஒருமுறை படித்துவிடுங்கள். மே 4-ஆம் தேதி கீழே கத்திரி வெயில் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும். மலையில் நமக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் ஆசையாகக் கிளம்பி வருவார்கள். வரட்டும், அவர்கள் வராமல் வேறு யார் வருவார்கள்? ஆனால் அந்த ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நாங்கள் 2024 ஜூனில் மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்தோம். 2025 மே 1, வியாழக்கிழமை, மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பத்தில் நாலு பேர், என் அம்மா, சித்தி, தம்பி, அவன் மனைவி, பத்து மாதக் குழந்தை என்று பதினொரு பேர் வந்தார்கள். எங்கள் நாலு பேரையும் சேர்த்தால் பதினைந்து. இரண்டு படுக்கையறை வீடு, ஆறு ராத்திரி. முதல் மூன்று நாள் தண்ணீர், காஸ், இட்லி மாவு, கார் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டது. நாலாம் நாளிலிருந்துதான் எல்லோரும் உட்கார்ந்து பேசவே முடிந்தது. நீங்கள் முதல் நாளே உட்கார்ந்து பேசலாம், மார்ச் மாதத்திலேயே வேலையைத் தொடங்கினால்.

1. பிப்ரவரி கடைசிக்குள் தேதியை முடிவு செய்யுங்கள்

"மே மாசம் வர்றோம்" என்று போனில் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு விடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை பேர், எதில் வருகிறார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். ரயில் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கும். மே 1-க்கு டிக்கெட் வேண்டுமென்றால் மார்ச் 2 காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும்.

தேதி பார்க்கும்போது ஊர்த் திருவிழாவையும் பாருங்கள். அந்த வருஷம் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் மே 8. மாமியார் திருக்கல்யாணத்துக்கு மதுரையில் இல்லாமல் இருந்ததே கிடையாது. அதனால் 7-ஆம் தேதி காலையில் கிளம்பியாக வேண்டும் என்று முதலிலேயே முடிவானது. முடிவு நாள் தெளிவாக இருந்தது பெரிய உதவி. சாமான் வாங்குவதிலிருந்து வாடகை மெத்தை வரை எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான் ஓடியது.

மலர்க் கண்காட்சி பார்க்க ஆசைப்பட்டால் முதல் வாரம் சரிப்படாது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் அது மே நடுவில்தான் வரும். 2025-ல் மே 15 தொடங்கி 25 வரை நடந்தது. முதல் வாரத்தில் வருபவர்களுக்குக் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி கிடைக்கும். கூட்டமும் குறைவு. பிள்ளைகள் அதையே அதிகம் ரசித்தார்கள்.

2. கார் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மே முதல் வாரத்தில் மலைக்குக் கார் கொண்டுவருவது கார்க்காரருக்கும் கஷ்டம், ஊருக்கும் கஷ்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாதாரண நாளில் ஒன்றே கால் மணி நேரம் போதும். நாத்தனார் குடும்பம் அன்று மூன்றரை மணி நேரம் வந்தது. வந்த பிறகு வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டும். குன்னூரில் பாதி வீடுகளுக்கு ரோடு கிடையாது, படிதான். எங்கள் வீட்டுக்கு 84 படி இறங்க வேண்டும். கார் ஆறு நாளும் மேலே ரோட்டோரத்தில்தான் நின்றது. ஊர் சுற்ற ஒருமுறைகூட எடுக்கவில்லை.

பஸ்ஸில் வருபவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கோவை வரும் பஸ் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். ஊட்டி பஸ் ஏறும் இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் புது பஸ் ஸ்டாண்ட். இரண்டுக்கும் நடுவே ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். அம்மாவும் சித்தியும் இது தெரியாமல் சிங்காநல்லூரில் ஒரு மணி நேரம் ஊட்டி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். பெரியவர்கள் தனியாக வந்தால் ஆட்டோவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விடியற்காலையில் கோவை வந்து சேருகிற மாதிரி கிளம்பினால், ஆறு மணிக்குள் மலை பஸ் ஏறிவிடலாம். எட்டு மணிக்கு மேல் ஏறினால் நெரிசலில் மாட்டுவது உறுதி.

மலை ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு ஏறும். அந்தப் பகுதிக்கு மே மாத டிக்கெட் திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். குன்னூர் - ஊட்டி இடையே ஓடும் ரயிலில் பிள்ளைகளை ஏற்றுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டீசல் என்ஜின்தான், ஆனால் ஜன்னலோரக் குழந்தைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. முன்பதிவு செய்தவர்கள் அடையாள அட்டையை மறக்கக் கூடாது.

வளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டப் பூரி, பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி வழியில் எல்லாம் வெளியே வரும். இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம், முன்பக்க சீட் போதும். வாந்தி வழக்கமாக வருபவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளட்டும். கைக்குழந்தைக்குக் காது அடைக்கும். ஏறும்போது பால் கொடுத்துக்கொண்டே வந்தால் அழாது. தம்பி மனைவிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பஸ் கண்டக்டர்.

3. கார் வந்தே தீரும் என்றால்: இ-பாஸ்

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. அந்த சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் ரயிலில் வருபவர்களுக்கும் இது வேண்டாம். ஒவ்வொரு சீசனுக்கும் விதி மாறலாம் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடுப்பது சுலபம். தமிழ்நாடு அரசின் இ-பாஸ் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, போகும் தேதி, தங்கும் இடம் எல்லாம் கேட்கும். தங்கும் இடத்துக்கு உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண், பின்கோடோடு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பாஸ் கியூஆர் குறியீட்டோடு வரும். சோதனைச் சாவடியில் அதைத்தான் ஸ்கேன் செய்வார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த தவறுகளைச் சொல்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள்.

பாஸுக்குப் பைசா கிடையாது. நாத்தனார் வீட்டுக்காரர் அடிவாரத்தில் ஒரு கடையில் 200 ரூபாய் கொடுத்து எடுத்தார். அவசரத்தில் அந்தக் கடைக்காரர் வண்டி எண்ணில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார். சாவடியில் பாஸ் இருக்கிறது, ஆனால் அது இந்த வண்டிக்கு இல்லை. இறங்கி ஓரமாக நின்று, சிக்னல் தேடி, மறுபடி எடுக்க ஒரு மணி நேரம் போனது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், வெளியே வெயில். "அண்ணி, நாங்க திரும்பிப் போயிடவா" என்று நாத்தனார் போனில் அழாத குறையாகக் கேட்டாள். வீட்டிலிருக்கும்போதே எடுத்து, பதிவுச் சான்றோடு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடிவாரத்தில் நெட் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று உங்களுக்கானது. புதிதாகக் குடிவந்தவர்களின் சொந்த வண்டி பெரும்பாலும் வெளியூர்ப் பதிவாகத்தான் இருக்கும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் கேட்க மாட்டார்கள். எங்களுடையது மதுரைப் பதிவு, டிஎன் 59. ஏப்ரலில் மதுரை போய்த் திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு வர எங்களிடமே பாஸ் கேட்டார்கள். அதன் பிறகுதான் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் உள்ளூர்வாசிக்கான பாஸ் வாங்கினோம். சீசனுக்கு முன்னால் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள்.

பிளாஸ்டிக் சோதனையும் அங்கேயே நடக்கும். தண்ணீர் பாட்டில், கேரி பேக், பேப்பர் கப் எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், துணிப்பை. முறுக்கு அதிரசமெல்லாம் டப்பாவில் வரட்டும்.

4. படுக்கை, தண்ணீர், காஸ்

இவை மூன்றையும் ஏப்ரல் 20-க்குள் முடிவு செய்யாவிட்டால் சீசன் வந்துவிடும். தங்கும் விடுதிக்காரர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள்.

படுக்கை: பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடைகளிலேயே மெத்தை, கம்பளி, தலையணை கிடைக்கும். எங்களுக்கு ஒரு செட் ஒரு நாளைக்கு 70 ரூபாய். எட்டு செட், ஆறு நாள், 3,360 ரூபாய் ஆனது. முதல் நாளே கொண்டுவந்து இறக்கச் சொல்லி, வாங்கியவுடன் வெயிலில் போடுங்கள். மூடிக் கிடந்த கம்பளியில் ஈர வாடை அடிக்கும். குழந்தைக்குத் தும்மல் வந்துவிடும். வருபவர்களிடமும் ஆளுக்கொரு போர்வை, ஸ்வெட்டர், காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். "மே மாசம்தானே" என்று நினைத்துத்தான் வருவார்கள். ராத்திரி நன்றாகவே குளிரும்.

தண்ணீர்: குன்னூர் நகருக்கு ரேலியா அணைதான் ஆதாரம். ஏப்ரல், மேயில் அதில் மட்டம் இறங்கும். குழாயில் நாள் விட்டுத்தான் வரும். நாலு பேருக்குப் போதும் தொட்டி பதினைந்து பேருக்கு ஒன்றரை நாளில் காலி. எங்களுக்கு இரண்டாம் நாள் மத்தியானம் காலியானது. அன்று வண்டித் தண்ணீர் கேட்டால் "நாளன்னிக்குத்தாங்க" என்றார்கள். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி, தொட்டியை நிரப்பி வைத்து, மூன்றாம் நாளுக்கு ஒரு லோடு முன்பணம் கொடுத்து வைத்துவிடுங்கள். லோடு 1,200 ரூபாய் கொடுத்தோம். ரோட்டிலிருந்து உங்கள் தொட்டி வரை குழாய் எட்டுமா என்று அளந்து பாருங்கள். எங்கள் 84 படிக்குத் தண்ணீர் வண்டிக்காரரிடமிருந்த குழாய் போதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் தோட்டக் குழாயை அவிழ்த்துக் கொடுத்துதான் தண்ணீர் ஏறியது.

காஸ்: ஒற்றை சிலிண்டர் இணைப்பு என்றால் இரண்டாவதுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, காஸ் புத்தகம், முன்வைப்புத் தொகை வேண்டும். பழைய ஊரிலிருந்து இணைப்பை இன்னும் மாற்றாதவர்கள் அதை முதலில் செய்ய வேண்டும். சிலிண்டர் வரும் நாளில் ஓடிபி கேட்பார்கள், பதிவு செய்த எண் யாருடையதோ அவர் போனோடு வீட்டில் இருக்க வேண்டும். என் கணவர் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் ஆபீசில் இருந்ததால் வந்த வண்டி திரும்பிப் போனது.

5. அடுப்படி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்குச் சமைப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. ஆனால் 1,850 மீட்டர் உயரத்தில் சமைப்பது வேறு. இங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். குக்கர்தான், மதுரையில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை முந்தின நாள் காலையிலேயே ஊறப்போட வேண்டும். ராத்திரி ஊறவைத்தால் குளிரில் ஊறாது.

மாவு. மதுரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு அரைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே அதே மாவு காலையில் பார்த்தால் அரைத்து வைத்த மாதிரியே உட்கார்ந்திருக்கும். முதல் நாள் காலை மாமியார் மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு கிண்டு கிண்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதுக்கு உசுரே வரலையே" என்றார். அன்று பதினைந்து பேருக்கும் உப்புமா. அடுத்த நாளிலிருந்து மாமியாரே முறையைக் கண்டுபிடித்தார்: அரிசி உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயம் ஒரு கரண்டி கூடப் போட்டு, காலை பத்து மணிக்கெல்லாம் அரைத்துவிட வேண்டும். கையால்தான் கலக்க வேண்டும். பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் வைத்து, மேலே பழைய கம்பளியைச் சுற்றி, அடுப்புத் திட்டின் மூலையில் வைக்க வேண்டும். சாயங்காலம் ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தபோது மாவில் சின்னச் சின்னக் குமிழ் விட்டு, விரலால் தொட்டால் புஸ் என்று அமுங்கியது. இருபது மணி நேரம். அதை எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள்.

தயிரும் அப்படித்தான். பாலைக் கொஞ்சம் கூடச் சூட்டிலேயே உறைமோர் ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடிவிடுங்கள்.

காய்க்குக் கவலை இல்லை. உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போனால் கேரட், பீன்ஸ், நூக்கல், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் மண்ணோடு கிடைக்கும். மளிகையை மட்டும் ஏப்ரல் 30-ஆம் தேதிக்கு முன்னாலேயே வாங்கி அடுக்கிவிடுங்கள். சீசனில் பஜாருக்குள் நடந்து போய்த் திரும்பவே ஒரு மணி நேரம் ஆகும். ஆறு நாளைக்கு மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 11,000 ரூபாயைத் தாண்டியது. இதில் மாமனார் கொண்டுவந்த அரிசி மூட்டை சேராது.

6. ராத்திரிக் குளிரும் கரி அடுப்பும்

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். குளிருகிறதே என்று கரி அடுப்பையோ, கும்முட்டியையோ, கணப்புச் சட்டியையோ படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். மலையில் குடும்பம் குடும்பமாக இப்படிப் போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாம் ராத்திரி, குழந்தைக்குக் குளிருகிறது என்று சித்தி அக்கறையாக வாடகைச் சாமானோடு வந்த கரிச் சட்டியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுபோய்விட்டார். தண்ணீர் குடிக்க எழுந்த என் கணவர் கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் பார்த்துத்தான் எடுத்தார். தம்பிக்குத் தலைவலி வந்திருந்தது, களைப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டான். அன்று முதல் எங்கள் வீட்டில் கரிச் சட்டி கிடையாது. குளியலறைக்குள் காஸ் கெய்சர் வைத்திருப்பவர்களும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் வெந்நீர்ப் பை, இரண்டடுக்குக் கம்பளி, குல்லாய், காலுறை போதும். வந்த அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள். சங்கடப்படாதீர்கள்.

பெரியவர்களின் மாத்திரைச் சீட்டையும் அன்றே வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். சீசன் நெரிசலில் ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரமாகும். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 108.

7. ஊர் சுற்றுவதெல்லாம் காலையில்தான்

மே மாதத்தில் காலை பளிச்சென்று இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை வந்துவிடும். ரோடும் பத்து மணிக்கு மேல் நகராது. எனவே ஏழரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் வீடு. சாப்பாடு, தூக்கம், மழை, பஜ்ஜி. மாமனார் சொன்னார், இத்தனை வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் அவரோடு ஒரே அறையில் மத்தியானம் தூங்கியது இதுதான் முதல் தடவை என்று.

எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். நாங்கள் போனது மூன்றே இடம். சிம்ஸ் பூங்கா 1874-ல் அமைத்தது. சரிவாக இறங்கும். முட்டிவலிக்காரர்கள் மேலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும், கீழே குளம் வரை போனால் ஏற முடியாது. திறந்தவுடன் போனால் பத்தரைக்குள் முடித்துவிடலாம். இன்னொரு நாள் ரயிலில் ஊட்டி போய் அடுத்த ரயிலிலேயே திரும்பினோம். மூன்றாவது கோத்தகிரி, அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. ஞாயிற்றுக்கிழமை வாசலைத் தாண்டவே இல்லை. தாண்டவும் கூடாது.

கோத்தகிரிக்கு வேன் பேசினோம், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். உள்ளூர் ஸ்டாண்டில் ஒரு வாரம் முன்னாலேயே பேசி, எத்தனை மணி நேரம், டிரைவர் பேட்டா உண்டா, நிறுத்தக் கட்டணம் யாருடையது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெரிசலில் நேரம் கூடினால் கூடுதல் கேட்பார்கள். பக்கத்து இடங்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ் நல்லது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024 பிப்ரவரியில் நீலகிரிக்கும் வந்தது. அம்மாவும் சித்தியும் அதில் இரண்டு பேராகவே கிளம்பி வெலிங்டன் வரை போய்வந்தார்கள்.

8. காட்டுமாடு

மாமனார் மதுரையில் காலை ஐந்து மணிக்கு நடைபோகிறவர். மூன்றாம் நாள் சொல்லாமல் கிளம்பி, படியில் பாதி ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் காட்டுமாடு. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பத்தடி இருக்கும். அவர் மெதுவாகப் பின்வாங்கி இறங்கியது சரியான வேலை. ஓடுவது, கத்துவது, போன் எடுத்துக் கிட்டப் போவது எதுவும் கூடாது. விடிந்து வெளிச்சம் நன்றாக வரும் வரையிலும், இருட்டிய பிறகும் யாரும் தனியாகப் படியேறக் கூடாது. டார்ச் வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடக் கூடாது. மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் குரங்கும் பன்றியும் வரும், சில பகுதிகளில் கரடியும் வரும். பதினைந்து பேர் குப்பையை மூடி போட்ட வாளியில் வைத்து, வண்டி வரும்போதுதான் வெளியே எடுக்க வேண்டும்.

9. அனுப்பி வைக்கும் நாள்

சீசனில் பெரும்பாலும் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். ஏறும் வண்டி குன்னூர் வழி, இறங்கும் வண்டி கோத்தகிரி வழி. முந்தின நாளே போலீஸ் அறிவிப்பைப் பார்த்துக் கார்க்காரருக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் குன்னூர் வழியிலுள்ள பர்லியாறு பக்கம் இறங்கப் போய்த் திரும்பினால் ஒன்றரை மணி நேரம் வீண். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

மலைப்பூண்டு, டீத்தூள், வர்க்கி (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்), தைலம் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு விடாமல் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். வர்க்கியைக் காற்றுப் புகாத டப்பாவில் கொடுத்துவிடுங்கள். கீழே போனதும் நமத்துவிடும்.

நாங்கள் 7-ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்குப் படியில் வரிசையாக நின்று பைகளைக் கைமாற்றி மேலே ஏற்றினோம். மாமியார் கடைசியாக ஏறும்போது, அண்டாவைச் சுற்றியிருந்த கம்பளியை மடித்து என் கையில் கொடுத்து, "இதைத் துவைச்சுடாதே, இப்பத்தான் மாவுக்குப் பழகியிருக்கு" என்றார். மற்ற கம்பளிகளை அன்றே உதறி, பதினோரு மணிக்குள் வெயிலில் போட்டு, மழைக்கு முன்னால் எடுத்து, நாலு மணிக்கு வாடகைக் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கினோம். மறுநாளுக்குத் தள்ளினால் ஒரு நாள் வாடகை கூடும்.